சவரியம்மாள் கல்லின் படம்

மேட்டுக்காலனி
1-10-2024

மெர்சிக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல. உன் நம்பரை என் போனிலிருந்து எடுத்தவன் நான்தான். திரும்பப் போடும் எண்ணம் இல்லை, அதனால் தபால். மேட்டுக்காலனியிலிருந்து வாலாஜாபாத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டா, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்தானே என்று தபாலாபீஸ் பெண் கேட்டாள். உன் வேலையைப் பார் அம்மா என்றேன்.

விஷயம் உனக்கும் தெரிந்திருக்கும். கம்பெனிகளுக்குப் போகும் புதுச் சாலை நம் கல்லறைத் தோட்டத்தின் மேல் பாதியை எடுத்துக்கொள்கிறது. அங்கே இருப்பவர்களை எடுத்து ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வாங்கியிருக்கும் இடத்தில் வைக்கப் போகிறார்கள். அப்பா கீழ்ப் பாதியில் கிரானைட் கல்லுக்கு அடியில் இருக்கிறார், அவரைத் தொடவில்லை. அம்மா மேல் பாதியில்.

கோயில் கமிட்டி ஒரு விதி போட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தில் பெயர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பெயர் தெரியாத கல்லுக்கு அடியில் இருப்பவர்களை எல்லாம் ஒரே குழியில் போட்டு மேலே ஒரே சிலுவை நடுவார்கள். முப்பதாம் தேதி கடைசி.

நேற்று மனு கொடுக்கப் போனேன். கமிட்டி செயலாளர் அன்பு நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரிக்கிறான். "இன்னாண்ணே, சவரியம்மாளுக்கு ரெண்டு கல்லு கீது. நீ ஒண்ணு காட்ற, உன் தங்கச்சி வேற ஒண்ணு காட்டுது. படத்துல பேரைக் காட்டு, இல்லாட்டி ரெண்டு பேரும் ஒத்துப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துனு வா. ரெண்டும் இல்லன்னா ரெண்டு கல்லும் பொதுக்குழிதான்."

ஆக நீ எனக்கு முன்னால் போய் மனு கொடுத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அம்மாவின் கல் இரண்டாம் வரிசையில் சுவரிலிருந்து மூன்றாவது. 2015 வெள்ளத்தில் சிலுவைகள் எல்லாம் அடித்துக்கொண்டு போனபின் சேற்றை வாரி அந்தக் கல்லை வெளியே எடுத்தவன் நான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பவனும் நான். உன் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பெயர் தெரியவில்லை என்பாய். அன்றைக்கு வெயில் அதிகம்.

ஜீவானந்தம்


வாலாஜாபாத்
4-10-2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்காமல் இருந்ததற்கு நன்றி. நானும் விசாரிக்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். அம்மாவைப் புதைத்தபோது எனக்குப் பதினைந்து வயசு. நான் அங்கே நின்றேன். நீங்கள் பம்பாய்ப் பக்கம் பிவண்டியிலிருந்து நாலாம் நாள் வந்தீர்கள். அது உங்கள் தப்பு இல்லை, தந்தி கிடைத்தது அப்போதுதான். ஆனால் நின்றவளுக்குத் தெரியுமா, நாலு நாள் கழித்து வந்தவருக்குத் தெரியுமா? அம்மா சுவரிலிருந்து இரண்டாவது. நீங்கள் சுண்ணாம்பு அடிப்பது பக்கத்துக் கல்லுக்கு. யாருக்கோ அடிக்கிறீர்கள்.

இதைத்தான் 2016 திருநாள் அன்றைக்கும் சொன்னேன். அதற்கு நான் போட்ட மாலையை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தீர்கள். ஊரே மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தது.

உங்கள் படத்தைப் பார்த்தேன். சாம்பல் கலரில் ஒரு பலகை இருக்கிறது. அதன் நடுவில் தொப்பி போட்ட ஒரு ஆள் நிழலாகப் படுத்திருக்கிறார். அம்மா பெயர் அவருக்கு அடியில் இருக்கிறதோ என்னவோ.

நான் மட்டும் என்ன, போனில் எடுத்தேன். அந்தப் போன் எல்லா முகத்தையும் மழமழவென்று ஆக்கிக் காட்டும் போன். கல்லையும் அப்படியே ஆக்கிவிட்டது. ஈரத்துணியில் ஊற்றிய இட்லி மாதிரி இருக்கிறது. அன்பு அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஷெர்லின் உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னது: வெள்ளையாக இருப்பதை எடுத்தால் கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், அதனால்தான் சாம்பலாக வருகிறதாம். கூட்டல் கழித்தல் போட்ட பட்டன் ஒன்று இருக்குமாம், அதில் கூட்டல் பக்கம் ஒன்று வைக்கச் சொன்னாள். மத்தியானத்தில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னது.

மெர்சி


மேட்டுக்காலனி
8-10-2024

மெர்சிக்கு,

உன் மகளிடம் பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. ரிட்டையர் ஆன வருஷம் படப்பை கல்யாண ஃபோட்டோக்காரரிடம் பழசாக வாங்கிய கேமரா. அவர் சொல்லித்தரவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். அகராதி வைத்துக்கொண்டு பதினோரு முறை படித்தேன். கோயில் திருவிழா, ஊராட்சிக் கூட்டம், காலனிப் பிள்ளைகளுக்கு எத்தனை புது நன்மைச் சடங்கு, எத்தனை பெயர்சூட்டு, எல்லாம் நான் எடுத்ததுதான். முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு மெஷின் என்ன செய்கிறது என்று தெரியாதா?

கூட்டல் ஒன்று வைத்தேன். அது எனக்கு முன்பே தெரிந்ததுதான், மறந்திருந்தேன். சாம்பல் போய் வெள்ளை வந்தது. ஆனால் வெறும் வெள்ளை. பால் கொட்டிய தரை மாதிரி. எழுத்து எங்கே என்று கேட்டால் கேமரா பதில் சொல்லவில்லை.

அடுத்த தொல்லை ஃபோகஸ். கிட்டே போய்ப் பட்டனை அழுத்தினால் லென்ஸ் கர் கர் என்று முன்னாலும் பின்னாலும் போகிறது. எங்கேயும் நிற்பதில்லை. படமும் விழுவதில்லை. கோழி முட்டையிட இடம் தேடுவது போல. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். பக்கத்து வரிசையில் எடுத்தால் ஒழுங்காக எடுக்கிறது. அம்மா கல்லிடம் வந்தால் தேடுகிறது. உன் கண்ணோ என்று நினைத்தேன்.

கமிட்டிக்காரர்கள் வேறு கூடவே நிற்கிறார்கள். கல்லைச் சுரண்டக் கூடாது, சாக்பீஸ் தடவக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ மட்டும் அனுமதி. காரணம் கலைமதி குடும்பம். அவர்கள் தாத்தா கல்லில் எழுத்து அழிந்துபோனதால் ஆள் வைத்துப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். பெயர், வருஷம், கீழே செல்போன் நம்பர்.

அன்பு அந்தம்மாவிடம் கேட்கிறான், "ஏம்மா, தாத்தா எப்போ செத்தாரு?"

"எழுபத்தொம்பதுல."

"அப்போ எந்த கம்பெனி சிம்மு வச்சிருந்தாரு?"

"கமிட்டி கூப்பிடறதுக்குப் போட்டோம் அன்பு. தாத்தாவையா கூப்பிடப் போற?"

இந்தக் கூத்தால் எல்லோருக்கும் தடை. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக எட்டுப் பூச்சு இருக்கிறது. மேஸ்திரி ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து அதற்கு அடியில். அது என் அம்மா பெயர்தான் என்று எனக்குத் தெரியும், இந்த மெஷினுக்குத்தான் தெரியவில்லை.

நீ வாபஸ் வாங்கினால் இவ்வளவும் தேவையில்லை.

ஜீவானந்தம்


வாலாஜாபாத்
10-10-2024

அண்ணனுக்கு,

என் கண் உங்கள் லென்ஸைப் பிடித்து இழுக்கும் அளவுக்குச் சக்தி உள்ளது என்றால் இந்த எட்டு வருஷத்தில் வேறு நல்ல காரியம் செய்திருப்பேன்.

ஷெர்லின் என்ன வேலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் எங்கே இருந்தீர்கள். ஒரகடத்தில் கார் கதவு செய்யும் கம்பெனியில் கடைசி லைனில் நிற்கிறாள். கதவில் பள்ளம், மேடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஒரு நாளைக்கு நானூறு கதவு. பள்ளம் என்றால் நகத்தின் கனம்கூட இருக்காதாம். மேலே இருந்து எத்தனை விளக்குப் போட்டாலும் தெரியாதாம். கதவை ஒட்டிப் பக்கவாட்டில் விளக்கு வைப்பார்களாம். வெளிச்சம் கதவின் மேல் படுத்துக்கொண்டு போகும்போது சின்னப் பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழுமாம். "பள்ளத்தைப் பாக்கறதில்லம்மா, அதோட நிழலைத்தான் பாக்கறோம்" என்கிறாள்.

உங்கள் கல்லும் அப்படித்தானாம். எட்டுப் பூச்சுக்கு அடியில் இருந்தாலும் கீறல் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் பள்ளமும் மேடும் ஒன்றுதான். காலையில் ஆறே கால், ஆறரைக்கு வெயில் தரையோடு வரும்போது எடுக்கச் சொன்னாள். கேமராவின் சொந்த ஃபிளாஷ் வேண்டவே வேண்டாமாம். அது நேராக அடித்து, இருக்கிற நிழலையும் துரத்திவிடுமாம். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஃபிளாஷ் போடுகிறவர் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்து ஃபிலிம் கேமராவிலேயே அப்படித்தான், எல்லார் கண்ணும் முயல் கண்.

ஃபோகஸ் தேடுவதற்குக் காரணம், வெறும் வெள்ளையில் அதற்குப் பிடிக்க எதுவும் இல்லை. கல்லின் ஓரம், கல்லும் மண்ணும் சேரும் கோடு, அங்கே வைத்துப் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பிடித்ததும் கையை எடுக்காமல் அப்படியே கேமராவை நடுவுக்குத் திருப்பி முழுசாக அழுத்துங்கள்.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். உங்கள் கல்லில் பெயர் தெரிந்தால் அது அம்மா பெயராக இருக்காது. அதைக் கண்ணால் பார்த்தால்தான் நீங்கள் நம்புவீர்கள். அதோடு என் கல்லையும் அந்தக் கேமராவில் எடுங்கள். அம்மாவைக் கொண்டுபோய் முகம் தெரியாதவர்களோடு ஒரே குழியில் கொட்டுவதை என்னால் நினைக்க முடியவில்லை. அது யார் வெட்டிய பள்ளமாக இருந்தாலும் சரி, நீங்களும் நானும் சேர்ந்து வெட்டியதாகத்தான் இருக்கும்.

மெர்சி


மேட்டுக்காலனி
16-10-2024

மெர்சிக்கு,

உன் கல்லை நான் எடுக்க மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் எடுத்தால் அது அம்மா கல்லாக இருக்கலாம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஓரத்தில் ஃபோகஸ் வைத்தேன், பிடித்தது. காலை வெயிலுக்காக மூன்று நாள் ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் தேதி மேகம். பதின்மூன்று ஞாயிறு, பூசை. பதினான்காம் தேதி வெயில் வந்தது. வந்ததும் கல்லின் மேல் ஏதோ எழுந்த மாதிரி இருந்தது, கண்ணால் பார்த்தேன். எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் இரட்டை இரட்டையாக இருக்கிறது. கை ஆடியிருக்கிறது. அறுபத்தாறு வயசு, ஐந்தரை மணியிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் கை ஆடாமல் என்ன செய்யும்.

பதினைந்திலிருந்து மழை. நீயும் பார்த்திருப்பாய். சூரியன் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. இனி நவம்பர் வரை இப்படித்தான் என்கிறார்கள்.

இன்னொன்று. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்பாக நாலைந்து புள்ளி. கல்லை எடுத்தாலும் அங்கேதான், வானத்தை எடுத்தாலும் அங்கேதான். மழைத் துளி என்று நினைத்து வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை. ஈரம் ஏறக் கூடாது என்று கேமராவை நான் மழைக்காலத்தில் அரிசி டின்னுக்குள்தான் வைப்பேன். லென்ஸைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும். அதனால் ஈரத்தின் கோளாறு இல்லை. கேமராவே போய்விட்டதோ என்று இருக்கிறது.

இந்த ஐந்து நாளில் எனக்குத் தூக்கமும் இல்லை, ஒரு இடத்தில் உட்காரவும் முடியவில்லை. மழை விட்டால் போகிறேன், பார்க்கிறேன், வருகிறேன். அன்பு கேட்கிறான், "இன்னாண்ணே, டெய்லி வர, ஓவர்டைம் எதுனா பார்க்கிறியா?" அவன் வாய் அப்படி.

பதினான்கு நாள் இருக்கிறது. பிடிவாதத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஜீவானந்தம்


வாலாஜாபாத்
19-10-2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஷெர்லினுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி டின் என்ற இடம் வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தாள். ஈரம் பட்ட போனை அரிசியில் போடுவார்கள் என்று கேட்டு நீங்கள் கேமராவையே குடிவைத்திருக்கிறீர்கள். அந்தப் புள்ளி எல்லாம் அரிசித் தூள். லென்ஸைக் கழற்றும்போது உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, காற்றடிக்கும் ரப்பர் பந்து ஒன்று இருக்கிறதாம், அதால் ஊதினால் விழுந்துவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் போகும். இனிமேல் மூடி இறுகும் டப்பாவில், கம்பெனிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். அவள் இருபது பொட்டலம் கொண்டுவந்திருக்கிறாள்.

கை ஆடினால் கையால் அழுத்த வேண்டாம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் தேவையே இல்லை. இது ஷெர்லின் சொன்னது இல்லை, நான் சொல்வது.

சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டாம். கம்பெனிக்குள் சூரியனா வருகிறது? தார்ப்பாயைக் கல்லுக்கு மேலே கூடாரம் போல் கட்டி வெளி வெளிச்சத்தை அடைத்துவிட்டு, கரண்ட் போனால் போடும் எமர்ஜென்சி லைட்டைக் கல்லின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்தால் போதும். ஒரு பக்கம் வைத்துத் தெரியாவிட்டால் இன்னொரு பக்கம் மாற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஷெர்லினுக்கு வருகிற வாரம் முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு விடுவார்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில் வராமல் நேராக அங்கே வருவாள். அவளைப் பத்து வயசில் பார்த்திருப்பீர்கள், அம்மா முகம் இருக்கும், அடையாளம் தெரியும். வேண்டாம் என்றால் வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்புங்கள். அது உங்களுக்குப் பழக்கம்தான்.

மெர்சி


வாலாஜாபாத்
25-10-2024

அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை போனவள் ஏழு மணிக்குத் தொப்பலாக நனைந்து வந்தாள். தலை துவட்டினாள், சாப்பிட்டாள். "எடுத்தீங்களா?" என்றால், "எடுத்தோம்" என்கிறாள். "தெரிஞ்சுதா?" என்றால், "மாமா எழுதுவாரு" என்கிறாள். "அம்மா பேருதானா இல்லையாடி?" என்று அதட்டினேன். "நான் சொன்னா அது நான் சொன்னதாப் பூடும்மா. அவரு சொல்லட்டும்" என்றுவிட்டுப் படுத்துவிட்டாள்.

மூன்று நாளாயிற்று. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். ஐந்து நாள்தான் இருக்கிறது. எனக்குக் கை வேலை ஓடவில்லை. ஒருவேளை அம்மா உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாளோ, பதினைந்து வயசில் நான் பார்த்ததை இத்தனை வருஷத்தில் நானே மாற்றிவைத்துக்கொண்டேனோ என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு நான் தரையைப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். உங்கள் கல்தான் என்றால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மெர்சி


மேட்டுக்காலனி
26-10-2024

மெர்சிக்கு,

கையெழுத்து வேண்டாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய் மூன்றே முக்காலுக்கு உன் மகள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அட்டையோடு, கையில் அந்த ரப்பர் பந்தோடு நின்றாள். "இன்னா மாமா, அரிசியெல்லாம் தீர்ந்துச்சா?" என்றாள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தேன், அவள் ஊதினாள். இரண்டு பேருமாகத் தார்ப்பாயைச் சுவர் ஆணியிலும் இரண்டு கம்பியிலும் கட்டினோம். தூறல் இருந்தது. உள்ளே இருட்டு. நான் ஸ்டாண்டோடு உட்கார்ந்தேன், அவள் எமர்ஜென்சி லைட்டைத் தரையில் வைத்துக் கல்லோடு கல்லாகச் சாய்த்தாள்.

மெர்சி, அந்தக் கல் முழுவதும் வரிவரியாக எழுந்தது. என் பிரஷ் போன கோடுகள்கூடத் தெரிந்தன. எட்டு வருஷமாக நான் இழுத்த ஒவ்வொரு இழுப்பும். அதற்கு அடியில் எழுத்து.

முதல் எழுத்து "ம". டைமர் ஓடியது, படம் விழுந்தது. நான் சொன்னேன், "லைட்டு சரியில்ல, அந்தப் பக்கம் வை." வைத்தாள். "ம"தான். "கொஞ்சம் தூக்கு." தூக்கினாள். மதலேனம்மாள். 1981. "இன்னும் கிட்டக்க." பதினாலு படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் ஊசி முனை மாதிரிக் கூர்மை. ஆட்டம் இல்லை, புள்ளி இல்லை, சாம்பல் இல்லை, தேடல் இல்லை. இத்தனை நாள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோளாறு இருந்தது, அதன்மேல் பழியைப் போட்டேன். அன்றைக்குப் பழி போட ஒன்றுகூட மீதியில்லை.

உன் மகள் லைட்டைப் பிடித்த கையை இறக்காமல், "மாமா, பக்கத்துக் கல்லையும் இப்பவே எடுத்துடலாமா?" என்றாள். வேண்டாம், மழை வலுக்கிறது, நீ கிளம்பு என்றேன். மழை வலுக்கவில்லை. அவள் தார்ப்பாயை அவிழ்க்கப் போனாள். அது அப்படியே இருக்கட்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. வாய் அவள் அம்மா மாதிரி, வேலை அப்படி இல்லை.

புதனும் வியாழனும் நான் அங்கே போகவில்லை. காலனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நீ எழுதுவதற்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை காலையில் தனியாகப் போனேன். தார்ப்பாயை ஒரு கல் தள்ளிக் கட்டினேன். சுவரிலிருந்து இரண்டாவது கல்லில் பாசிதான் இருந்தது, கழுவினேன். லைட்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். சுண்ணாம்பே படாத கல் என்பதால் முதல் படத்திலேயே வந்துவிட்டது. சவரியம்மாள், 1986. மேஸ்திரி கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏற்றி எழுதியிருக்கிறார். பிரிண்ட் இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் மடங்காமல் இருக்க அட்டை கொடுத்திருக்கிறேன், பத்திரமாகப் பிரி.

நீ பார்த்தது சரி. அழுதுகொண்டே பார்த்தாலும் சரியாகப் பார்த்திருக்கிறாய்.

2016இல் நீ போட்ட மாலை சரியான கல்லில்தான் கிடந்தது. அதை எடுத்து எறிந்தது நான். ஊர் பார்க்க எறிந்தேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

நேற்றே கமிட்டி ஆபீசுக்குப் போனேன். சவரியம்மாள் மனுவை உன் பெயரில் வைத்து, படத்தைச் சேர்த்து, என் பழைய மனுவைக் கிழித்துக்கொடுத்தேன். அன்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு மதலேனம்மாள் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பெயர் தெளிவாக இருக்கிறது, இதையும் ஏற்றுக்கொள் என்றேன். அவன் நோட்டைப் பார்த்தான். "அவங்களுக்குக் குடும்பமே இல்லண்ணே. பேரு தெரிஞ்சா போதாது, எடுத்துனு போய் வைக்க ஒரு சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். யாரும் வராட்டி பொதுக்குழிதான்."

"நான் போடுறேன்."

"நீ இன்னா உறவு?"

"எழுத இடம் எங்கே இருக்குன்னு காட்டு."

காட்டினான். எழுதினேன். திருப்பிப் படித்துவிட்டு அவன் அந்த வரியின் மேல் விரலை வைத்தான். அப்புறம் மெதுவாக, "அண்ணே, மகன்னு போட்டுகிற. கமிட்டில கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றான்.

"எட்டு வருஷமா திருநாளுக்கு வந்தது யாருன்னு கேளு. மெழுகுவத்தி வச்சது யாரு, அம்மான்னு கூப்பிட்டு அழுதது யாருன்னு கேளு. வேற ஆளு இருந்தா கூட்டினு வா, நான் என் பேரை அடிச்சுத் தர்றேன்."

வேறு ஆள் இல்லை. சீல் வைத்துக்கொடுத்தான்.

நீயும் சொல்வாய், இது பொய், பெற்றவளைத் தவிர இன்னொருத்திக்கு மகன் என்று கோயில் நோட்டில் எழுதலாமா என்று. நேற்றே பங்குச் சாமியாரும் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நான் எழுதியது எழுதியதுதான். திருத்த மாட்டேன்.

அண்ணன்
ஜீவானந்தம்